வண்டியில் இல்லாத வாட்டம்

"ப்ரீலோடு பத்தி நாலு வரி எழுதிப் போடுங்க சார், வீட்டுலயே பண்றவங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று எங்கள் பழைய ஒர்க்‌ஷாப் ஆட்களின் வாட்ஸப் குழுவில் இரண்டு மாதமாக நச்சரிப்பு. நாலு வரியில் எழுத இது என்ன கல்யாணப் பத்திரிகையா? கிண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருடம் சஸ்பென்ஷன் வேலை பார்த்தவன் நான். அதில் கடைசிப் பதினாலு வருடம் சூப்பர்வைசர். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. மந்தைவெளி வீட்டில் நிம்மதியாகப் பேப்பர் படிக்கலாம் என்றால் வாரத்துக்கு இரண்டு பேராவது போன் செய்கிறார்கள். "சார், வீடியோ பாத்து டைட் பண்ணேன், இப்ப வண்டி தூக்கித் தூக்கிப் போடுது." போடாமல் என்ன செய்யும்?

சரி, எழுதுகிறேன். கேட்டவர்கள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் இந்த 'டைட்' என்ற தலைவலியைத் தீர்த்துவிடுகிறேன். காயிலோவர் என்பது பெரிய சிதம்பர ரகசியம் இல்லை. ஷாக் அப்சார்பர், அதைச் சுற்றி ஸ்பிரிங். ஷாக்கின் உடம்பில் திருகாணி மாதிரி மரை வெட்டியிருக்கும். ஸ்பிரிங்குக்கு அடியில் அந்த மரையில் ஏறி இறங்குகிற ஒரு வளையம். அது நழுவாமல் பூட்டுவதற்குக் கீழே இன்னொரு வளையம். மேல் வளையத்தைச் சுற்றி ஏற்றினால், வண்டியின் பாரம் உட்காருவதற்கு முன்பே ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கி நிற்கும். அதுதான் ப்ரீலோடு. இதை நம் ஊரில் 'ஸ்பிரிங்கை டைட் பண்றது' என்று சொல்லிச் சொல்லியே கெடுத்து வைத்திருக்கிறார்கள். டைட் பண்ணினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று ஊரே நம்புகிறது. ஆகாது ஐயா! நாற்காலிக்கு அடியில் செங்கல் வைத்தால் நாற்காலி உயரும். மேலே இருக்கிற மெத்தை கெட்டியாகுமா? வண்டி உயரும், அவ்வளவுதான். அளவு மீறிப் போனால், சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்காக மிச்சம் வைத்திருக்கிற இடமெல்லாம் தீர்ந்துபோய், ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் ஷாக் உள்ளுக்குள்ளேயே 'டக் டக்' என்று முட்டும்.

வீட்டில் செய்தே தீருவேன் என்கிறவர்களுக்கு முறையைச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்ற வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகிறவனுக்கு நான் பதிலே சொல்வதில்லை. மரையில் அப்பியிருக்கும் மண்ணை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் ஊற விட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்கு இந்த ஊரில் ஒருத்தருக்கும் பொறுமை கிடையாது. வளையத்தில் ஒரு பெயிண்ட் புள்ளி வைத்துக்கொண்டால்தான் எத்தனை சுற்று என்பது நினைவில் நிற்கும். பூட்டு வளையத்தைத் தளர்த்தி, கொக்கி ஸ்பேனரால் மேல் வளையத்தைச் சுற்றி, இரண்டு பக்கமும் மரை எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து, மறுபடி பூட்டி, சக்கரம் மாட்டி இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் பத்தடி உருட்ட வேண்டும். இறக்கிய கையோடு அளந்தால் சக்கரம் விறைத்துக்கொண்டு நிற்கும். அளவு தப்பாக வரும். உருட்டிய பிறகு, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். கடைசியில் அலைன்மெண்ட். இவ்வளவுதான் வேலை.

எதிலிருந்து எது வரை அளக்கிறோம் என்பதை மட்டும் அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் சறுக்கியது அங்கேதான்.

ஐடிஐ முடித்து மூன்று வருடம் கிரீஸ் துடைத்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் துடைத்த கிரீஸ்தான். அதற்குப் பிறகு பத்மநாபன் சாரிடம் மாட்டிக்கொண்டேன். எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர். மயிலாப்பூர்க்காரர். மற்றவர்கள் பேனா குத்திக்கொள்கிற இடத்தில் அவர் ஆறங்குல எஃகு ஸ்கேல் குத்தியிருப்பார். கத்தவே மாட்டார். கத்தியிருந்தால் தேவலை. "சார், ரைட் சைடு கொஞ்சம் எறக்கமா இருக்கு" என்று போய் நின்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கிற வரை பதில் கிடையாது. அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"அளந்தேளா, தோணித்தா?"

தோன்றியது என்றால் போச்சு. ஸ்கேலை உருவி நீட்டிவிட்டு அங்கேயே நிற்பார். நாம் குனிந்து, படுத்து, அளந்து, எழுந்து வந்து எண்ணைச் சொல்கிற வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். வெளியே பத்து வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் திருப்பிப் பேச முடியாது, ஏனென்றால் மனுஷன் கோபப்படவே இல்லையே!

வருடா வருடம் மழை ஓய்ந்ததும் இன்னொரு கூத்து நடக்கும். வண்டிகளை அளக்கிற மேடையின் நாலு மூலைக்கும் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டியூபைப் பிடிக்கச் சொல்லி மட்டம் பார்ப்பார். ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தாலும் அடியில் தகடு வைக்கச் சொல்வார். டியூபின் ஒரு முனையைப் பிடித்து நிற்பது என் வேலை. கை வலிக்கும். 'வண்டி பாக்கச் சொன்னா தரைய பாக்குறாரே' என்று உள்ளுக்குள் திட்டுவேன். இருபத்தொன்பது வருடம் அப்படிப்பட்ட தரையில் நின்று நின்று, தரை என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று.

இப்போது நான் சறுக்கிய அந்தப் பாலவாக்கம் வண்டிக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு நடந்தது. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், புதிதாக ஒரு பிக்கப் வாங்கினார். முன்பக்கத்துக்குக் காயிலோவர் மாட்ட எங்களிடம் கொடுத்தார். மாட்டியவன் தணிகாசலம். எங்கள் செக்‌ஷனிலேயே கை சுத்தமான மெக்கானிக். பதினெட்டு வருட சர்வீஸ், என்னைவிட நாலு வயது இளையவன். மேடையில் வைத்து நானே அளந்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு. நான்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

மறுநாள் காலை அண்ணாச்சியின் போன். "என்ன மூர்த்தி, புது சாமான் மாட்டி அனுப்பியிருக்கீய, வண்டி எடது பக்கம் சாஞ்சில்லா நிக்கி!"

பாலவாக்கத்தில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கேட்டுக்குள்ளே, சுவரைப் பார்த்த மாதிரி வண்டி நின்றது. சுவரில் ஒரே மட்டமாக டைல்ஸ் பதித்திருந்தார்கள். பார்த்தவுடனே தெரிந்தது, பம்பரின் இடது முனை கீழே இருந்தது. பத்மநாபன் சார் கேட்பாரே என்று டேப்பை எடுத்து, டைல்ஸ் கோட்டிலிருந்து பம்பரின் இரண்டு முனைக்கும் அளந்தேன். இடது பக்கம் பதினைந்து மில்லிமீட்டர் இறக்கம். அண்ணாச்சி பக்கத்தில் நின்று, "சொன்னம்லா?" என்றார். வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. ஸ்பிரிங் சரியாக உட்காராமல் அப்புறம் இறங்கியிருக்கிறது, தணிகா கோட்டை விட்டுவிட்டான் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன். குனிந்து சக்கரத்தின் நடுவிலிருந்து அளக்கவில்லை.

அடுத்த நாள் வண்டியைக் கிண்டிக்கு எடுத்து வரச் சொல்லித் தணிகாவை அனுப்பினேன். ஜாக்கி, ஸ்பேனர் சாமானோடுதான் போனான். போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்து போன் செய்தான். அந்தப் பேச்சு ஒரு வார்த்தை மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"சார், இங்க நல்ல வாட்டமா கீது சார்."

"வாட்டமா இருக்கா? அப்புறம் எதுக்கு வண்டியக் கிண்டிக்கு ஓட்டினு வர? அங்கயே முடிச்சிடு. இடது பக்கம் அஞ்சு சுத்து ஏத்து."

"அங்கயேவா சார்?"

"அங்கயேதான்யா! எத்தன வாட்டி சொல்றது?"

ஏற்றிவிட்டு வந்தான். டைல்ஸ் கோட்டுக்கு வண்டி நேராக நின்றது. அண்ணாச்சிக்குப் பரம திருப்தி. ஒன்றரை மாதம்தான். இடது பக்கம் ஸ்பீட் பிரேக்கருக்கு ஸ்பீட் பிரேக்கர் முட்டி முட்டி ஷாக் ஆயில் கக்கிவிட்டது. திருவான்மியூர் சிக்னலில் பிரேக் போட்டபோது வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் ஒரு ஷேர் ஆட்டோவை உரசியது. யாருக்கும் அடி இல்லை, அது ஒன்றுதான் புண்ணியம். அண்ணாச்சி ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று போட்ட சத்தத்தில் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள்கூட வந்துவிட்டார்கள்.

பத்மநாபன் சார் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். கண்ணாடியைத் துடைத்தார்.

"ஒரு பக்கம் மட்டும் அஞ்சு சுத்து. யார் சொன்னா?"

"நான்தான் சார். வண்டி சாஞ்சிருந்தது. இவன் மாட்டும்போதே ஸ்பிரிங்க ஒழுங்கா உக்கார வெக்கல."

"அளந்தேளா, தோணித்தா?"

"அளந்தேன் சார். பதினஞ்சு மில்லிமீட்டர்."

எதிலிருந்து என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தணிகா பக்கம் திரும்பினார்.

"நான் வாட்டம்னு போன்ல சொன்னேன் சார்" என்றான் தணிகா. "சார்தான் அங்கயே பண்ணுன்னாரு."

நான் குறுக்கே பாய்ந்தேன். "ஆமா, சொன்னே! வாட்டமா இருக்குன்னு நீ சொன்னதாலதானே அங்கயே பண்ணுன்னேன்! இல்லன்னு சொன்னேனா?"

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பேச முடியாமல் நிற்கிறான், தப்பு செய்தவன் அல்லவா என்று நினைத்தேன். அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கடிதத்தில் 'வேலையில் கவனக்குறைவு' என்று காரணம் போட்டிருந்தது. அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தது நான். அதற்குப் பிறகு எந்தக் கார் ஒர்க்‌ஷாப்பிலும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை, தரமணியில் டூவீலருக்குப் பஞ்சர் ஒட்டுகிறான் என்று கேள்விப்பட்டேன். பாவம்தான், ஆனால் செய்ததற்கு அனுபவிக்கிறான் என்று இருந்துவிட்டேன். ஐந்து வருடம் அப்படியே இருந்துவிட்டேன்!

போன மாதம் என் மச்சான் பாபு அவனுடைய பிக்கப்பை எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே கொண்டுவந்து போட்டான். என் மனைவியின் தம்பி. வாரம் முழுக்க கம்ப்யூட்டர், சனிக்கிழமையானால் மெக்கானிக். அவனும் காயிலோவர் மாட்டியிருக்கிறான். போனைச் சுவரில் சாய்த்து வைத்து வீடியோவை ஓட விட்டுக்கொண்டு ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தான். மாடியிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை. மேல் மாடி மாமி, "அந்த வீல் கோணலா இருக்காப்ல இல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"மாமா, லெஃப்ட் சைடு இறங்கி இருக்கு பாருங்க" என்றான் பாபு.

பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது. பின்னால் இருந்த கிரில் கேட்டின் குறுக்குக் கம்பியோடு ஒப்பிட்டால் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு அன்றைக்குப் பல்வலி வேறு. "அஞ்சு சுத்து ஏத்துடா, ஏத்திட்டு அந்த வீடியோவ நிறுத்து, காது போகுது" என்றேன். பாபு மூன்று சுற்று சுற்றிவிட்டான்.

எங்கள் தெருவில் ரோடு போட்டுப் போட்டு உயர்த்தி, கீழ்த்தளம் பள்ளமாகிவிட்டது. மழைக்குத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று அந்த வாரம்தான் புதிதாகத் தரை போட்டிருந்தார்கள். மிச்ச வேலைக்கு வந்திருந்த கொத்தனார் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களை வெகுநேரம் பார்த்தவர், பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தார்.

"இன்னாத்துக்கு சார் வண்டியப் போட்டு முறுக்கினு கீறீங்க? வண்டி நேராத்தான் கீது. தரைதான் சார். தண்ணி ஓடணும்ல? நல்ல வாட்டமா குடுத்துகீறேன்."

நல்ல வாட்டமா.

அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். "மாமா, பிபி மாத்திரை போட்டீங்களா?" என்று பாபு கேட்கிறான். மாத்திரையாவது மண்ணாங்கட்டியாவது! கைக்கு வாட்டமாக இருக்கிறது, வேலை செய்யத் தோதான இடம் என்று தணிகா சொல்வதாக அல்லவா நான் எடுத்துக்கொண்டேன்? அவன் சொன்னது தரையின் வாட்டத்தை. சரிவை. தமிழ்தான் பேசினோம், இரண்டு பேரும். ஒரே வார்த்தையைத்தான் அந்த அறையிலும் சொன்னோம்.

பாபு ஏற்றிய மூன்று சுற்றையும் இறக்கச் சொல்லிவிட்டு, கொத்தனாரிடம் மட்டம் பார்க்கிற டியூபை வாங்கிக்கொண்டு பாலவாக்கத்துக்கு பஸ் ஏறினேன். பத்மநாபன் சாருக்கு முன்னால் வாயைத் திறப்பதற்கு முன்பு அளந்தாக வேண்டும். அண்ணாச்சி என்னையும் டியூபையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வண்டிய வித்தே ரெண்டு வருசம் ஆச்சு. இப்பம் தரைய அளக்கவா வந்திருக்கீய?"

"தரையில வாட்டம் இருக்கா அண்ணாச்சி?"

"இருக்காமலா? தண்ணி நிக்கக் கூடாதுன்னு நாந்தானே கொத்தனாட்ட நின்னு போடச் சொன்னேன்!"

வண்டி நின்ற இடத்தில், இரண்டு சக்கரத்துக்கும் உள்ள அகலத்துக்கு, ஒரு முனையை அண்ணாச்சியைப் பிடிக்கச் சொல்லி மட்டம் பார்த்தேன். இடது பக்கம் பதினைந்து மில்லிமீட்டர் இறக்கம். மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் பதினைந்து.

அங்கிருந்தே பத்மநாபன் சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். எழுபது வயதாகிறது அவருக்கு. போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கண்ணாடியைத் துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "எதுலேர்ந்து அளந்தேள்னு நான் கேக்கலையே, மூர்த்தி" என்றார். அதையே இன்னொரு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் தரமணி போனேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் சின்னக் கடை. தணிகா தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் காற்று எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

"இன்னா சார், வழி தவறி வந்துட்டியா?"

நின்றபடியே சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவன் கையிலிருந்த டியூப் தொட்டியில் நழுவி விழுந்தது.

"அப்ப நான் சொன்னது உனுக்குப் புரியவே இல்லியா சார்?"

"புரியல தணிகா. கைக்கு வாட்டமா இருக்குன்னு சொல்றேன்னு நெனச்சேன்."

"அடச்சீ!" என்றான். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "அஞ்சு வருசமா நான் இன்னா நெனச்சினு கீறேன் தெரியுமா? தரை சரிவுன்னு தெரிஞ்சே பண்ணச் சொல்லிட்டு, மாட்டிக்கினதும் என்னியக் கோத்து வுட்டேன்னு நெனச்சினு கீறேன் சார்! ரூமாண்ட நீ 'ஆமா, வாட்டம்னு சொன்னே'ன்னு சொன்ன பாரு, அப்பவே எனுக்கு வாய் அடைச்சிப் போச்சு. இவ்ளோ தகிரியமா ஒரு மனுசன் பண்ணுவானான்னு. பொண்டாட்டி புள்ளையாண்டல்லாம் உன்ன துரோகின்னுதான் சொல்லி வச்சிகீறேன்."

"துரோகம் இல்ல தணிகா. முட்டாள்தனம். என்ன மன்னிச்சிடு."

அவன் கைகளைத் துணியில் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான். முகம் அப்படி வாடிக் கிடந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, கடைக்கு வெளியே நின்ற ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மன்னிப்ப வச்சினு நான் இன்னா சார் பண்றது? அன்னிக்கு வாயாலயா அனுப்பின? எழுதித்தானே அனுப்பின? அந்த லெட்டரத்தான் ஒவ்வொரு கடையாண்டயும் காட்டிகீறேன். எழுது. நம்ம ஆளுங்க அல்லாரும் பாக்கறாப்ல எழுது."

குழுவில் கேட்டீர்களே, நாலு வரி. இந்தாருங்கள்.

காயிலோவர் மாட்டியதில் தணிகாசலம் ஒரு தவறும் செய்யவில்லை.

பாலவாக்கம் வீட்டுத் தரையில் பதினைந்து மில்லிமீட்டர் வாட்டம் இருந்தது. அதை அவர் அன்றைக்கே என்னிடம் சொன்னார்.

ஐந்து சுற்று ஏற்றச் சொன்னது நான், கவனக்குறைவும் என்னுடையது.

இது எனக்குத் தோன்றியதல்ல, அளந்தது.

மூர்த்தி, சூப்பர்வைசர், ஓய்வு.